பிரசவ ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்: 15 – 49 வயதில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் சேர்வது ஏன், முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் பல வீடுகளில் இதுதான் இருக்கும்: தைராய்டு மாத்திரை, பாதியில் நின்றுபோன இரும்புச்சத்து மாத்திரை அட்டை, தலைவலிக்கும் முட்டிவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, "சுகர் பார்டர்லதான் இருக்கு" என்று சொல்லி மடித்து வைத்த ஒரு லேப் தாள். தைராய்டை ஒருவர் பார்த்திருப்பார், சுகரை இன்னொருவர் பார்த்திருப்பார். நான்கையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்.

ஒரே உடம்பில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் சேர்ந்திருப்பதை பன்னோய் நிலை என்பார்கள். அறுபது வயதுக்கு மேல் வருவது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். பாதிப் பேருக்கு ஒன்று, ஐந்தில் இரண்டு பேருக்கு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். 'குண்டாக இருக்கிறாள், ரத்தம் இல்லாமலா போகும்' என்ற பேச்சு தவறுவது இங்கேதான்.

இந்த வயதில் ஒரு பெண்ணின் உடம்பு முழுவதையும் யாராவது அக்கறையாகப் பரிசோதித்தார்கள் என்றால் அது கர்ப்ப காலத்தில்தான். ஒன்பது மாதமும் பிரஷர், சுகர், ரத்தம், தைராய்டு என்று அட்டையில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். குழந்தை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்துவிட்டால் அந்த அட்டை பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடும். தேசிய அளவிலான தொற்றா நோய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. இருபத்து நான்கு வயதில் கடைசிப் பிரசவம் முடித்தவரை நடுவில் உள்ள ஆண்டுகளில் யாரும் கேட்பதில்லை. ஆகவே முதல் வேலை பீரோவில்.

படி 1: பழைய ஃபைலில் என்ன தேட வேண்டும்

தாய் சேய் நல அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், லேப் தாள்கள் எல்லாவற்றையும் எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்), பதிவு செய்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். தேட வேண்டியவை இவை.

சுகர் தண்ணீர் குடித்து எடுத்த அளவு. 75 கிராம் குளுக்கோஸை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்திருப்பார்கள். அது 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யக்கூடிய இந்த ஒற்றைப் பரிசோதனையைப் பரவலாக்கியதில் சென்னை மருத்துவர் வீ. சேஷையாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். "பிரசவத்தோடு சுகர் போயிடுச்சு" என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அப்படி வந்து போனவருக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு.

20 வாரத்துக்குப் பிறகு ஏறிய பிரஷர். 140/90-ஐத் தொட்டதா, சிறுநீரில் புரதம் போனதா, ஜன்னி (வலிப்பு) வந்ததா, "பிரஷர் ஏறியதால் முன்கூட்டியே எடுத்துட்டாங்க" என்று சொன்னார்களா என்று பாருங்கள். இப்படிப்பட்டவருக்குப் பின்னர் நிரந்தர ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கும், மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கும் கூடுகின்றன. சிறுநீரகமும் இந்தக் கணக்கில் சேரும்.

குழந்தையின் எடை. நான்கு கிலோவுக்கு அருகில் பிறந்திருந்தால் சுகர் கவனிக்கப்படாமல் போயிருக்கலாம். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகவோ 37 வாரத்துக்கு முன்போ பிறந்திருந்தால் அது தாயின் ரத்தக்குழாய்களைப் பற்றியும் ஒரு தகவல். உங்கள் பிறப்பு எடையையும் அம்மாவிடம் கேளுங்கள். பார்வைக்கு மெலிந்த, ஆனால் கொழுப்பு கூடிய இந்தியக் குழந்தைகளைப் பற்றி புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வுகள் உலகப் புகழ் பெற்றவை. எடை குறைவாகப் பிறந்து, பிறகு வேகமாக எடை போட்டவருக்கு நீரிழிவு வாய்ப்பு அதிகம். ஒல்லியான பெண்ணுக்குச் சுகர் வராது என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடலாம்.

இவற்றோடு ஹீமோகுளோபின் எந்த அளவுவரை இறங்கியது, ரத்தம் ஏற்றினார்களா, டி.எஸ்.ஹெச் (தைராய்டைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, கருச்சிதைவுகள் எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமே ஆகாதவர்களுக்கும் ஒரு ஃபைல் உண்டு: மாதவிடாய்க் காலண்டர். வயதுக்கு வந்து மூன்று ஆண்டு கழிந்த பிறகும் 21 நாளுக்குள்ளோ 35 நாளுக்கு மேலோ வருகிறது, அல்லது ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவு என்றால் பி.சி.ஓ.எஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாடையில் தடித்த முடி, கட்டுக்கடங்காத முகப்பரு, கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கறுப்பு ஆகியவை துணை அடையாளங்கள். அந்தக் கழுத்துக் கறுப்பை 'கவரிங் செயின் உரசல்' என்றும் அழுக்கு என்றும் நினைத்து பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறவர்கள் நிறைய. தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோலே சொல்லும் செய்தி அது.

படி 2: குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில்

"எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர்" என்பது தகவல் ஆகாது. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள் மட்டும் போதும். நோயின் பெயர், தொடங்கிய வயது என இரண்டே பத்தி. அப்பாவுக்கு 55 வயதுக்குள் அல்லது அம்மாவுக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு என்றால் தனியாக அடிக்கோடிடுங்கள். அம்மாவுக்கு மாதவிடாய் எப்போது நின்றது என்றும் கேளுங்கள். 45 வயதுக்குள் நின்றுபோவது இதயத்துக்கும் எலும்புக்கும் ஒருசேரப் பாதகம், அது குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. தைராய்டு, முடக்குவாதம், லூபஸ், வெண்புள்ளி ஆகியவற்றில் பெரும்பாலானவை உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குவதால் வருபவை. ஒன்று இருக்கும் குடும்பத்தில் மற்றொன்றும் எட்டிப் பார்க்கும்.

படி 3: டேப், தராசு, பிரஷர் மிஷின்

இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தையல் டேப் போதும். தவறு நடப்பது எங்கே என்றால், இன்ஸ்கர்ட் நாடா கட்டும் தடத்தில் அளப்பதில்தான். அந்தத் தடம் பலருக்குக் கீழே இறங்கி இருக்கும். கடைசி விலா எலும்பையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் அளக்க வேண்டும். துணியை விலக்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப் தோலில் படும், ஆனால் அழுத்தாது என்ற அளவில் பிடியுங்கள். வயிற்றை உள்ளிழுத்து அளந்தால் நான்கு செ.மீ. பொய் சொல்லும்.

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. நம்மவர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-ல் உடல் பருமன் தொடங்குகிறது. மேலை நாட்டு அட்டவணையில் இவை 25, 30 என்று இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

ரத்த அழுத்தம்தான் அதிகம் தப்பாக அளக்கப்படுவது. பஸ்ஸில் இருந்து இறங்கி, படியேறி வந்ததும் கையை நீட்டச் சொல்கிறார்கள். சரியான முறை: அரை மணி நேரத்துக்குள் காபி, டீ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமீது இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையை இறுக்கமான ரவிக்கைக் கைக்கு மேல் சுற்றுவதும், கையைச் சுருட்டி மேலே ஏற்றி அங்கே ஒரு கயிறுபோல் இறுகவிட்டு அளப்பதும் இரண்டுமே தவறு. தளர்வான நைட்டி அணிந்து அளப்பது எளிது. வீட்டு மிஷின்களோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. மேல்கை 34 செ.மீ. உள்ளவருக்கு அதே பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும்.

காலை இரண்டு, மாலை இரண்டு என ஒரு நிமிட இடைவெளியில் ஏழு நாள் எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. மருத்துவமனையில் எடுக்கும் அளவுக்கு எல்லை 140/90.

படி 4: எந்தப் பரிசோதனை, எங்கே ஏமாற்றும்

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின், சுகர், சிறுநீர் போன்றவற்றை இலவசமாகப் பார்க்கலாம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பாக்கேஜ் வாங்க வேண்டியதில்லை. முழு ரத்த எண்ணிக்கை, வெறும் வயிற்றுச் சுகர், டி.எஸ்.ஹெச், கொழுப்பு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சிறுநீரில் புரதம் என ஆறு போதும்.

கர்ப்பகால நீரிழிவு இருந்தவருக்கு இவை போதா. பிரசவம் ஆன ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என ரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200 என்ற எல்லைகளில் ஒன்றைத் தொட்டாலும் நீரிழிவு. இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை என்றால் நீரிழிவின் முன்நிலை. பரிசோதனைக்கு முந்திய மூன்று நாள் வழக்கம்போல் சோறு, இட்லி சாப்பிட வேண்டும். பிரசவப் பத்தியம் என்று அரைவயிறு சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டக்கூடும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அன்றைய பரிசோதனை செல்லாது. முடிவு சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். இந்த ஆறு வாரப் பரிசோதனையைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் லேபில் காத்திருக்க முடியாது என்பது நியாயமான காரணம்தான். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் நாளில் மாமியாரையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போனால் இரண்டு வேலையும் முடியும்.

சுகரின் மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் ஹெச்பிஏ1சி ரத்தசோகை உள்ள பெண்ணிடம் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவில் இந்த அளவு உண்மையைவிட ஏறிக் காட்டும். இரும்பு மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் இறங்கும். ரத்தம் ஏற்றியவர், பிரசவத்தில் ரத்தம் இழந்தவருக்குக் குறைத்துக் காட்டும். ஆகவே 6.0 என்று வந்த தாளைப் பார்த்துப் பயப்படும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் மிஷினும் பல சமயம் ரத்தசோகையில் சற்றுக் கூட்டியே காட்டும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் 200-ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. இரும்பு மாத்திரையை ஒழுங்காக ஒரு மாதம் சாப்பிட்டும் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் அதே மாத்திரையை ஆறு மாதம் நீட்டிப்பதில் பயனில்லை. பி12 குறைவா, குடற்புழுவா, மாதவிடாயில் அதிகம் போகிறதா, தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) மரபணு உள்ளவரா என்று தேட வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நனைவது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் போவது ஆகியவை அதிகப்போக்கு. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

படி 5: ஒன்று இன்னொன்றை இழுத்து வரும் விதம்

நோய்கள் தனித்தனியாக வந்து சேர்வதில்லை. தைராய்டு குறைவை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாதவிடாய்ப் போக்கைக் கூட்டும், போக்கு கூடினால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், நடை நின்றுபோகும், எடை ஏறும், எடையோடு சுகரும் பிரஷரும் வரும். தைராய்டு குறைவு தன் பங்குக்குக் கெட்ட கொழுப்பையும் ஏற்றும். இரும்புச்சத்து இல்லாவிட்டால் தைராய்டு ஹார்மோன் உற்பத்தியும் தளரும் என்பதால் சங்கிலி தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறது. எடையைக் குறை என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இந்தப் பெண்ணால் முடியாது. அவருக்கு முதலில் ஏற்ற வேண்டியது ஹீமோகுளோபினை.

பி.சி.ஓ.எஸ். இன்னொரு சங்கிலி. இன்சுலின் எதிர்ப்பு, கல்லீரலில் கொழுப்பு, குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும், மனச்சோர்வு என எல்லாம் அதன் கிளைகள். 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராமல் விட்டுக்கொண்டே போனால் கருப்பையின் உள்சுவர் தடித்துப் பின்னாளில் புற்றுநோய்க்கும் வாய்ப்பு உண்டு. 'வராதது நல்லதுதான், தொல்லை இல்லை' என்று விடக்கூடாது.

மருந்தே காரணமாவதும் உண்டு. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் பி12 குறையும். கால் எரிச்சலைச் 'சுகர் நரம்பு' என்று எழுதிவிடுவார்கள். தினமும் போடும் அசிடிட்டி மாத்திரை இரும்பையும் பி12-ஐயும் உடம்பில் சேரவிடாது. வயிற்றுவலிக்கும் முட்டிவலிக்கும் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தை அரிக்கும்.

மனச்சோர்வைத் தனி வியாதியாக ஒதுக்கி வைப்பதும் தவறு. சுகர் உள்ளவருக்கு அது அதிகம், அது உள்ளவருக்குச் சுகர் அதிகம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடே இல்லாமல் போனதா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'பெரும்பாலான நாள்' என்பது பதிலானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புகை பிடிக்காத பெண்ணுக்கும் புகை உண்டு. வீட்டுக்காரரின் பீடி, வெந்நீருக்கு எரிக்கும் விறகடுப்பு இரண்டும் நுரையீரலையும் இதயத்தையும் சேர்த்தே கெடுக்கும். வெற்றிலையோடு வைக்கும் புகையிலையும் இதில் அடங்கும். பனியன் கம்பெனியிலோ ஐ.டி.யிலோ சுழலும் நைட் ஷிஃப்ட், தூக்கத்தைக் குலைப்பதன் வழியே சுகரையும் எடையையும் ஏற்றும்.

படி 6: அடுக்களைக் கணக்கு

ஒவ்வொரு வாய் உணவையும் எடை போட வேண்டியதில்லை. மளிகை லிஸ்டைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் சரியாக ஒரு மாதத்தில் தீர்ந்தால் தலைக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்ஸர் கணக்கில் வரவில்லை. குறைத்தாலும் அயோடின் உப்பாகவே இருக்கட்டும். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவரும் கேட்காமல் மாறக்கூடாது. எண்ணெய் தலைக்கு மாதம் அரை லிட்டர். நால்வர் வீட்டில் இரண்டு லிட்டர் கேன்.

புரதம்தான் நம் தட்டில் பெரிய ஓட்டை. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 முதல் 55 கிராம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் (30 கிராம்) சுமார் 7 கிராம். கடைசியாக உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணுக்குச் சாம்பாரில் பருப்பு இருப்பதில்லை, தெளிவுதான் மிஞ்சும். சோறும் ரசமும் ஊறுகாயுமாக அவர் சாப்பாடு முடியும். ரத்தசோகையும் சுகரும் ஒரே தட்டில் இருந்து வருவது இப்படித்தான். அதனால் தாளிக்கும் முன்பே அவருக்கான பருப்பையும் முட்டையையும் தனியாக எடுத்து வையுங்கள். மாலை டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல்.

வீட்டு வேலையே உடற்பயிற்சி என்று வாதிடுபவர்களுக்கு ஒரு சோதனை: வேலை செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் வாரத்துக்கு 150 நிமிடம் தேவை. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் கைபிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, பத்து பத்தாக மூன்று சுற்று. எடை குறையவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். சுகர் முன்நிலையில் இருந்தவர்களைக் கொண்டு சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை.

படி 7: மாத்திரை நேரம்

தைராய்டு, இரும்பு, கால்சியம், மெட்ஃபார்மின் என நான்கும் உள்ள பெண் அவற்றை ஒரே வாயில் போட்டு விழுங்கினால் பாதி வீண். தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் தண்ணீரில். காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. இரும்புக்கு டீ, காபி, பால் பகை. எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை. கால்சியத்தையும் இரும்பையும் சேர்க்கக்கூடாது.

ஆறு மணிக்குத் தைராய்டு, ஏழு மணிக்குக் காபி, எட்டரைக்கு டிபனோடு மெட்ஃபார்மின், பதினொன்றரைக்கு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் என்று வைத்தால் எல்லாம் பொருந்தும். இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். முடிக்காகப் பயோட்டின் எடுப்பவர் தைராய்டு ரத்தம் கொடுப்பதற்கு முன் சில நாள் அதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரும்.

பிரஷர், சுகர் மாத்திரைகளை மாதாமாதம் வாங்கப் போக முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 முதல் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

படி 8: கருத்தடையும் அடுத்த குழந்தையும்

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பிரஷர் 140/90-க்கு மேல் உள்ளவருக்கும், கண்முன் மின்னல் கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவருக்கும், ரத்தக்கட்டு வந்தவருக்கும் ஆகாது, பக்கவாத அபாயம். மாதவிடாயைச் சீராக்க என்று பி.சி.ஓ.எஸ்.க்கு எழுதும் மாத்திரையும் பெரும்பாலும் இதே வகைதான். ஆகவே தொடங்கும் முன் பிரஷர் பார்த்தார்களா என்று கவனியுங்கள். காப்பர்-டி இவர்களுக்குப் பொருந்தும், ஆனால் ஏற்கெனவே அதிகப்போக்கு உள்ளவருக்குப் போக்கைக் கூட்டும்.

கர்ப்பமாக விரும்புபவர் மூன்று மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரஷருக்குத் தரும் எனலாபிரில், டெல்மிசார்டன் வகைகளும் வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. கொழுப்பு மாத்திரையையும் தொடரலாமா என்று கேட்க வேண்டும். எதையும் தானாக நிறுத்தாமல், மாற்று மருந்து வாங்கிய பிறகு மாற வேண்டும். ஹெச்பிஏ1சி 6.5-க்குள் வரட்டும், 10-க்கு மேல் இருக்கும்போது கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது. ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், நீரிழிவு உள்ளவருக்கு மருத்துவர் 5 மி.கி. எழுதலாம். இன்னொன்று: பி.சி.ஓ.எஸ்.க்கு மெட்ஃபார்மின் தொடங்கியதும் கருமுட்டை வெளிவரத் தொடங்கலாம். 'எனக்குத்தான் மாசாமாசம் வராதே' என்று இருந்தவர் எதிர்பாராமல் கர்ப்பமாவது நடக்கும் கதைதான்.

படி 9: ஒரே ஒரு தாள்

மேலே எடுத்தவை அனைத்தையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மேலே கர்ப்ப கால வரலாறு, அதன் கீழே குடும்பம், பிறகு தேதியோடு இடுப்பு, எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சுகர், டி.எஸ்.ஹெச், கடைசியில் நேரத்தோடு மாத்திரைகள். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், வாய் திறக்கும் முன் அதை நீட்டுங்கள். புது மாத்திரை எழுதினால் "இதுல இருக்கிறதோட சேருமா?" என்று கேளுங்கள். எல்லாம் சரியாக இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். படி 1-ல் ஒன்றாவது இருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அதே தாளின் அடியில் சிவப்பு மையில் சில வரிகள். கர்ப்பத்திலோ பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளோ பிரஷர் 160/110, அல்லது கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி. எந்த வயதிலும் நெஞ்சு அழுத்தம், அல்லது நெஞ்சுவலி இல்லாமலே தாடை, முதுகு வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் (பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும், அதனால்தான் வாய்வு என்று ஓம வாட்டர் குடித்துக் காத்திருப்பது ஆபத்து). வாய் கோணுவது, கை தொய்வது, பேச்சு குழறுவது. எதுவானாலும் 108. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104.